ஸ்பாஞ்ச் ஃபில்டரை முதன்முறையாகப் பொருத்துகிறேன்: 25 லிட்டர் செர்ரி இறால் தொட்டி குறித்துச் சில ஐயங்கள்

காவிரிக்கரைப் பெண் (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 45 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதில் கப்பி மீன்களை வளர்த்து வந்தேன். இப்போது கப்பிகளை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் காய வைத்து, செர்ரி இறால்கள் என்னும் சிறு நன்னீர் இறால்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். மணலும் மரக்கட்டையும் போக ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. கட்டையில் ஜாவா பாசியைக் கட்டியிருக்கிறேன்.

முன்பு பயன்படுத்திய, விளிம்பில் தொங்கும் ஃபில்டரை இறால் தொட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தோழி ஒருத்தியின் தொட்டியில் அப்படிப்பட்ட ஃபில்டரைத் திறந்தபோது, உள்ளே இருந்த பஞ்சுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட இறால் குஞ்சுகள் சிக்கிக் கிடந்ததை நேரில் பார்த்தேன். ஆகவே, இரண்டு ஸ்பாஞ்சுகள் கொண்ட ஃபில்டர் ஒன்றையும் சிறிய ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கினேன். எப்படிப் பொருத்த வேண்டும் என்று சொல்லும் தாள் எதுவும் பெட்டியில் இல்லை.

ஐந்து நாட்களாக ஓடுகிறது. ஸ்பாஞ்ச் முதலில் மிதந்ததால் கல்லை வைத்து அழுத்தியிருக்கிறேன். குழாயிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் குபுகுபுவென்று வெளிவந்து, மூடியிலும் பக்கத்துச் சுவரிலும் நீர்த்துளிகள் தெறிக்கின்றன. தொட்டி படுக்கையறையில் இருப்பதால் இரவில் அந்த ஓசையில் உறக்கம் கெடுகிறது. அதைவிட, இந்த அமைப்பு உண்மையிலேயே தண்ணீரை வடிகட்டுகிறதா என்பதே எனக்கு விளங்கவில்லை. குமிழி மேலே போவது தெரிகிறது, ஸ்பாஞ்சுக்குள் தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியவில்லை.

பதினைந்து இறால்கள் வாங்க எண்ணியிருக்கிறேன். அவற்றை எப்போது விடலாம், ஸ்பாஞ்சை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை, எவ்வாறு கழுவ வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு கப்பிகளோடு ஆறு இறால்களை விட்டு, நான்கே நாட்களில் ஆறையும் இழந்தேன். மீண்டும் அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாசிப்பந்து (சென்னை):

வணக்கம் சகோதரி. தண்ணீர் உள்ளே போகிறதா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் ஓசைக்கும் தெறிப்புக்கும் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

நடுவில் நிற்கும் குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் கலந்ததும், குழாய்க்குள் இருக்கும் நீர் வெளியே இருக்கும் நீரைவிட இலேசாகிவிடுகிறது. வெளியே உள்ள கனமான நீர் அதை மேலே தள்ளிவிட்டு அந்த இடத்தை நிரப்ப வருகிறது. அது வருவதற்கு ஸ்பாஞ்சின் துளைகளைத் தவிர வேறு வழி இல்லை. இந்த இழுப்பு எவ்வளவு மெல்லியது என்றால், அப்போதுதான் பொரித்த, 2 மி.மீ. அளவே உள்ள இறால் குஞ்சுகூட அதே ஸ்பாஞ்சின் மீது அமர்ந்து கவலையின்றி மேயும். ஐயம் தீர வேண்டுமானால், மீன் உணவு ஒரு சிட்டிகையை விரலால் தூளாக்கி, ஸ்பாஞ்சுக்கு அருகே நீருக்குள் விட்டுப் பாருங்கள். தூள் மெதுவாக நகர்ந்து சென்று ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் எங்கோ தவறாகப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

குமிழி பெரியதாக இருந்தால் அது குழாயின் நடுவே சட்டென்று ஏறிவிடும், நீரை அதிகம் தூக்காது, மேலே வந்து வெடிக்கும்போது ஓசையும் தெறிப்பும் உண்டாகும். அதே அளவு காற்றைச் சிறு சிறு குமிழிகளாக்கினால் தூக்கும் நீரும் அதிகம், ஓசையும் குறைவு. ஆகவே காற்றை நுண்குமிழிகளாகப் பிரிக்கும் துளைக்கல்லான சிறிய ஏர் ஸ்டோன் ஒன்றை வாங்கி, ஏர் டியூபின் முனையில் மாட்டி, குழாய்க்குள் இயன்றவரை அடிமட்டத்தில் இருக்குமாறு இறக்குங்கள். காற்று எவ்வளவு ஆழத்தில் நுழைகிறதோ அவ்வளவுக்கு நீரேற்றமும் கூடும். சில ஃபில்டர்களில் டியூபை மாட்டுவதற்கான முனை குழாயின் பாதி உயரத்திலேயே இருக்கிறது. அப்படி இருந்தால் அந்த முனையை விட்டுவிட்டு, மேல்வாய் வழியாகவே டியூபை உள்ளே இறக்கிவிடலாம்.

குழாயின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். நீர்மட்டத்திலிருந்து ஒரு செ.மீ. கீழே இருக்குமாறு அதை அறுத்துவிடுங்கள். முழங்கை போன்ற வளைவுத் துண்டு உங்களிடம் இருந்தால், அதன் வாய் பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்குமாறு மாட்டலாம். நீர் மேற்பரப்பில் சீராக வழிந்து ஓடும். தொட்டிக்கு உயிர்க்காற்று கிடைப்பது பெரும்பாலும் அந்த மேற்பரப்பு அசைவால்தான். திருச்சியில் இது முக்கியம். நீர் 25 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். வெயில் காலத்தில் இறாலுக்குத் தேவை கூடும் வேளையில் நீரில் இருப்பு குறைகிறது. ஆகவே ஓசைக்காக இரவில் பம்ப்பை நிறுத்தும் பழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

ஸ்பாஞ்ச் மிதப்பது அதன் துளைகளுக்குள் தங்கியிருக்கும் காற்றினால்தான். ஃபில்டரை முழுவதும் நீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை பத்துப் பதினைந்து முறை கையால் பிழிந்து விட்டால் தானே அமர்ந்துவிடும், கல் தேவைப்படாது. பின்பக்க மூலையில் வையுங்கள். ஆனால் கண்ணாடியில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்துத் துளைகள் வீணாகும், இடுக்கில் அழுக்கும் சேரும்.

காற்று அதிகமாக வந்தால் பிளாஸ்டிக் திருகு வால்வால் குறைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். வால்வைப் பாதிக்கு மேல் மூடினால் பம்ப்பினுள் இருக்கும் ரப்பர் சவ்வு அழுத்தம் தாங்காமல் விரைவில் கிழிந்துவிடும். டியூபின் நடுவே ஒரு டி-இணைப்பை வைத்து, ஒரு கிளையைத் தொட்டிக்கும் மற்றொரு கிளையை வெளியே காற்றில் விடுவதற்குமாகப் பிரித்து, வெளியே விடும் கிளையில் வால்வை மாட்டுங்கள். அதைத் திறக்கத் திறக்கத் தொட்டிக்குச் செல்லும் காற்று குறையும், பம்ப்புக்கும் சிரமம் இராது. பித்தளை வால்வு வேண்டாம். அதில் செம்பு இருக்கிறது, செம்பு இறாலுக்கு நஞ்சு.

பம்ப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் போகும் நொடியில் தொட்டி நீர் டியூப் வழியே பின்னோக்கி வழிந்து பம்ப்பிற்குள் இறங்கக்கூடும். காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை டியூபின் நடுவே மாட்டுவது கட்டாயம். வாயால் ஊதிப் பார்த்து, காற்று எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்கம் தொட்டியை நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். பம்ப்பின் கீழே ஒரு தெர்மோகோல் துண்டையோ மடித்த துணியையோ வைத்தால் அதிர்வின் ஓசையும் அடங்கும்.

காவிரிக்கரைப் பெண்:

மிக்க நன்றி அண்ணா. குழாயை அறுத்து, ஸ்பாஞ்சைப் பிழிந்து, ஏர் ஸ்டோனையும் உள்ளே இறக்கினேன். தெறிப்பு முற்றிலும் நின்றுவிட்டது. ஓசையும் மெல்லிய சலசலப்பாகக் குறைந்திருக்கிறது. தூளை விட்டும் பார்த்தேன். கீழ் ஸ்பாஞ்சில் ஒட்டுகிறது, மேல் ஸ்பாஞ்சில் அவ்வளவாக ஒட்டவில்லை.

பம்ப் தரையில்தான் இருந்தது. நீங்கள் சொன்னதைப் படித்ததும் சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை அடித்து, தொட்டியைவிட உயரத்தில் வைத்துவிட்டேன். கொசு மருந்துத் திரவம் மாட்டும் அதே பெட்டியில் இன்னொரு துளை காலியாக இருந்ததால் வயரும் எளிதாக எட்டியது. செக் வால்வும் மாட்டியாயிற்று.

எங்கள் வீட்டுக்கு மாநகராட்சிக் குழாயில் வரும் நீரைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரின் நீக்கும் மருந்தும் விட்டேன். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 310, பிஎச் (அமில-காரத் தன்மை) 7.6 என்று காட்டுகிறது. இறால்களை வரும் ஞாயிற்றுக்கிழமை விடலாமா?

தும்பி (மதுரை):

அக்கா, என்னுடைய 20 லிட்டர் தொட்டியில் புட்டியில் விற்கும் பாக்டீரியா திரவத்தை ஊற்றி, ஐந்தாம் நாளே எட்டு இறால்களை விட்டேன். இரண்டு மாதங்கள் ஆகின்றன, ஒன்றுகூடச் சாகவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

சிறுவாணி நீர் (கோயம்புத்தூர்):

அம்மா, வணக்கம். நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் படித்தவுடன் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தயவுசெய்து இன்றே அந்த ஏர் பம்ப்பைக் கொசு மருந்துக்குப் பக்கத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.

ஏர் பம்ப் தன் அடியிலோ பின்புறத்திலோ உள்ள சிறு துளையின் வழியாக அறையின் காற்றை இழுத்து, அதையே நுண்ணிய குமிழிகளாக்கி இரவு முழுவதும் நீரில் கலக்கிறது. படுக்கையறைகளில் நாம் மாட்டும் கொசு மருந்துத் திரவங்களிலும் சுருள்களிலும் டிரான்ஸ்புளூத்ரின், பிராலெத்ரின், ஆலெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஒரு வகைச் சாமந்திப் பூவில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லியை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவை இவை. பூச்சிகளின் நரம்புகளைத் தாக்குவது இவற்றின் வேலை. கொசுவும் இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்பதால், கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். மீன்களுக்கும் இவை நஞ்சுதான். ஆயினும் மீன் தாங்கிக்கொள்ளும் மிகச் சிறிய அளவிலேயே இறால் இறந்துவிடக்கூடும்.

சென்ற ஆண்டு கப்பிகள் நலமாக இருக்க, ஆறு இறால்கள் மட்டும் நான்கு நாட்களில் இறந்தன என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் தொட்டி அதே அறையில்தான் இருந்ததா, காற்றுக் குமிழி விட்டீர்களா, இறப்பதற்கு முன் இறால்கள் துடித்துப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தனவா என்று நினைவுகூர்ந்து பாருங்கள். நேரில் பாராமல் நான் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் விடவும் முடியவில்லை.

இந்தப் பொருள்கள் நீரில் கரைந்து நிற்பதைவிட, பரப்புகளில் படிந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஸ்பாஞ்ச் என்பது முழுக்க முழுக்கப் பரப்பு. உங்கள் ஸ்பாஞ்ச் ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாததால் அதில் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் வேரூன்றியிருக்காது. ஆகவே இழப்பு பெரிதில்லை. புதிய ஸ்பாஞ்சும் புதிய ஏர் டியூபும் வாங்கி, நீரையும் முழுவதும் மாற்றி மீண்டும் தொடங்குங்கள் என்பேன். படுக்கையறையில் கொசுவலை கட்டிக்கொள்வதே நல்லது. அது இயலாவிட்டால், பம்ப்பைக் கூடத்திலோ மருந்து பயன்படுத்தாத வேறோர் அறையிலோ வைத்து, நீளமான டியூபைச் சன்னல் வழியாகக் கொண்டுவரலாம். நான்கைந்து மீட்டர் நீளம் இந்தப் பம்ப்புகளுக்குப் பெரிதன்று. தொட்டியின் மேல்பக்கத்தையும் மூடியால் மூடி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும், வீட்டுக்கு வண்ணம் பூசும்போதும், கரப்பான் மருந்து தெளிக்கும்போதும் பம்ப்பின் துளை எந்த அறையில் இருக்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இனி, ஞாயிற்றுக்கிழமை விடலாமா என்பதற்கு வருகிறேன். தம்பி தும்பி சொன்னதை நான் மறுக்கவில்லை, அவர் பட்டறிவைத்தான் சொல்கிறார். இறாலின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும், ஆனால் எட்டு இறால்களின் கழிவு மிகச் சிறிது. பாசியும் செடியும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நீரின் பிஎச் 7-க்கு அருகில் இருந்தால் உள்ள அம்மோனியாவும் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூறில் அரைப் பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். அதுவே பிஎச் 8 என்றால் நூறில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். உங்கள் நீர் 7.6. வெப்பம் கூடினால் அந்தப் பங்கும் கூடும். ஆகவே மதுரையில் ஒரு தொட்டியில் நேராதது திருச்சியில் நேரலாம்.

அந்த அம்மோனியாவை அகற்ற ஸ்பாஞ்சில் குடியேற வேண்டிய நுண்ணுயிர்கள் இரண்டு கூட்டத்தார். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இருவரும் மெதுவாகவே பெருகுபவர்கள் என்பதால் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வெறும் தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மிகச் சிறிய சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விடுங்கள், அதுவே அவர்களுக்கு உணவு. சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, வாரம் இருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். உணவு போட்ட மறுநாளும் இரண்டும் சுழியில் நின்று நைட்ரேட் மட்டும் தென்பட்டால் ஸ்பாஞ்ச் தயாராகிவிட்டது. நான் அதற்கு மேலும் இரண்டு வாரம் காத்திருப்பேன். எண்கள் சரியான பிறகும் கட்டையிலும் ஸ்பாஞ்சிலும் இறால் மேய்வதற்கான வழவழப்பான படலம் உருவாக நாள் பிடிக்கும். காய்ந்து விழுந்த பாதாம் மரத்து இலை ஒன்றை அலசிப் போட்டு வைத்தால் அதன் மீதும் அந்தப் படலம் வளரும்.

என் ஊர்க்காரர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு நான்கரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனையும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏழு மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மையையும் (பிஎச் சரியாமல் தாங்கும் திறனையும்) செலவழிக்கின்றன. எங்கள் ஊருக்கு வரும் சிறுவாணி நீர் மிக மென்மையானது, கரைந்த உப்புகள் குறைந்தது. அதில் காரத்தன்மை விரைவில் தீர்ந்து, பிஎச் திடீரென்று சரிந்து, ஸ்பாஞ்சின் வேலையே நின்றுபோனதை என் தொட்டியில் கண்டிருக்கிறேன். அப்போதிருந்து ஒரு கைப்பிடிக் கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டரின் அருகே போட்டு வைக்கிறேன். இறாலின் ஓட்டுக்கு வேண்டிய கால்சியமும் அதிலிருந்து கிடைக்கிறது. திருச்சிக் குழாய் நீரில் டிடிஎஸ் 310 என்பதால் உங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

காவிரிக்கரைப் பெண்:

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் எழுந்து போய்ப் பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் மறுபடி வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை ஆம் என்பதே. அதே அறை, தலைமாட்டில் கொசு மருந்து, கப்பிகளுக்காக ஏர் ஸ்டோன். கடைசி நாளில் இரண்டு இறால்கள் பக்கவாட்டில் கிடந்து காலை மட்டும் உதறிக்கொண்டிருந்ததை என் மகள் பார்த்து அழுதாள். வாங்கிய இடத்தில் கேட்டபோது தண்ணீர் சரியில்லை என்றார்கள். நானும் ஓராண்டாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

நாளை தொட்டியைக் கூடத்துக்கே மாற்றிவிடுகிறோம், அங்கே கொசு மருந்து வைப்பதில்லை. ஸ்பாஞ்சும் டியூபும் புதிதாக வாங்குகிறேன். தும்பி, நீங்களும் உங்கள் பம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தும்பி:

பார்த்துவிட்டேன் அக்கா, சமையலறை மேடையில் இருக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை அங்கே எறும்பு மருந்து தெளிப்பது உண்டு, இனி மாட்டேன். ஐயா சொன்ன சோதனைப் பெட்டியையும் வாங்கிவிடுகிறேன்.

புழல் ஏரி (சென்னை):

மின்வெட்டைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. அப்போது என்னிடம் 30 லிட்டர் தொட்டியில் நாற்பது இறால்கள் அளவில் இருந்தன. அன்று கற்றுக்கொண்டதையே சொல்கிறேன்.

இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்கு, கூட்டம் குறைவான இறால் தொட்டியில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் உணவு போடுவதை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒருமுறை ஒரு குவளையால் நீரை மொண்டு, சிறிது உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள். நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். இரவில் விழித்திருக்க முடியாமல்தான் மறுநாள் பக்கத்து வீட்டாரிடம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை இரவல் வாங்கினேன். இப்போது அப்படி ஒன்றைச் சொந்தமாகவே வைத்திருக்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் பம்ப்பின் இணைப்பை அதில் கொடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாட் மட்டுமே இழுக்கும் கருவி அது.

பலரும் அறியாத ஆபத்து மின்சாரம் திரும்பி வரும்போது இருக்கிறது. பல மணி நேரம் நீரோட்டம் இல்லாமல் நின்ற ஸ்பாஞ்சின் உட்புறத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல நுண்ணுயிர்களில் ஒரு பகுதி இறந்து, அழுகல் தொடங்கியிருக்கும். பம்ப் ஓடத் தொடங்கியதும் அந்த அழுகல் நீர் முழுவதும் தொட்டிக்குள் தள்ளப்படும். எனவே ஒரு நாள் அளவுக்கு நின்றுபோயிருந்தால், முதலில் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து மொண்ட நீரில் அலசி, முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் மணம் வந்தால் நல்லது. முட்டை அழுகிய வாடை வந்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே ஓட விடுங்கள்.

மேல் ஸ்பாஞ்சில் தூள் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்களில் ஒரு ஸ்பாஞ்சின் உள்ளே இருக்கும் துளையிட்ட தண்டு சரியாக உட்காராவிட்டால் அப்படி ஆகும். கழற்றி, திருகி, மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

காவிரிக்கரைப் பெண்:

பன்னிரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் முடித்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தண்டைச் சரிசெய்ததும் இரண்டு ஸ்பாஞ்சுகளிலும் தூள் ஒட்டியது. இரண்டாம் வாரம் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏறியது, மூன்றாம் வாரம் நைட்ரைட் ஏறத் தொடங்கியது, ஐந்தாம் வாரக் கடைசியில் இரண்டும் சுழியாகிவிட்டன. ஐயா சொன்ன அந்த இரண்டு வாரத்தையும் காத்திருந்தேன், அதுதான் மிகவும் கடினமாக இருந்தது. ஏழாம் வாரம் பதினைந்து இறால்களை வாங்கி வந்தேன். பையில் இருந்த நீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டி நீரை ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் சேர்த்த பிறகு உள்ளே விட்டேன். பதினைந்தும் இருக்கின்றன. விட்ட அன்று மாலையே நான்கைந்து ஸ்பாஞ்சின் மீது ஏறி மேயத் தொடங்கிவிட்டன.

இப்போதுதான் என் கேள்வி. பதினெட்டு நாட்களுக்கு முன் ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் நிறச் சினையைக் கண்டோம். நேற்று அந்தச் சினை காணவில்லை. இன்று காலை என் மகள் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, ஸ்பாஞ்சின் மீது கண்ணாடி போன்ற சிறு குஞ்சுகள் ஆறு ஏழு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அதே ஸ்பாஞ்ச் மிகவும் கறுத்துவிட்டது, குழாயிலிருந்து வரும் நீரும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. குஞ்சுகளுக்குத் தீங்கு நேராமல் அதை எப்படிக் கழுவுவது?

பாசிப்பந்து:

வாழ்த்துகள் சகோதரி. உங்கள் மகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அந்தக் குஞ்சுகளுக்கு நீரில் மிதந்து திரியும் பருவம் இல்லை. பிறந்த நொடியிலிருந்தே பெரிய இறாலின் சிற்றுருவமாக மேயத் தெரிந்தவை. முதல் இரண்டு வாரங்களுக்கு அந்த ஸ்பாஞ்ச்தான் அவற்றின் சாப்பாட்டு மேடை. ஆகவே நீரோட்டம் முற்றிலும் தடைபடாத வரையில், குறைந்தது பத்து நாட்களாவது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. காற்றுதான் குறைந்துவிட்டதோ என்று முதலில் டி-இணைப்பின் வால்வையும் ஏர் ஸ்டோனையும் பாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் ஏர் ஸ்டோன் அடைத்துக்கொள்வது வழக்கம். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியதாகப் பலர் எண்ணும் நேரங்களில் ஏர் ஸ்டோனை மாற்றினாலே போதுமானதாக இருக்கும்.

கழுவியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டில் ஒரு ஸ்பாஞ்சை மட்டும் கழுவுங்கள். மற்றொன்றை மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தொட்டி நீரை ஒரு வாளியில் கால் பங்கு மொண்டு வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் ஒருமுறை பிழிந்தாலும் நீங்கள் ஏழு வாரம் காத்திருந்து வளர்த்ததில் பெரும்பகுதி போய்விடும். பிறகு பம்ப்பை நிறுத்தி, ஸ்பாஞ்சை விரல் நுனியால் மெல்லத் தட்டி ஐந்து நிமிடம் விட்டுவிட்டால், மேலே இருக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் நகர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையை நீருக்குள்ளேயே ஸ்பாஞ்சின் கீழிருந்து மேலாக உறை போல மாட்டி, பையோடு சேர்த்து மெதுவாக வெளியே எடுங்கள். இப்படிச் செய்தால் கலங்கிய அழுக்கு தொட்டியில் பரவாது, தவறி ஒட்டியிருக்கும் குஞ்சுகளும் பைக்குள்ளேயே இருக்கும். பையின் நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் கைவிளக்கால் தேடி, கிடைப்பவற்றைச் சொட்டுக் குழாயால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டு, அதன் பிறகே வாளி நீரில் இரண்டு மூன்று முறை மெல்லப் பிழியுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும், நிறம் வெளுக்கும் வரை பிழிய வேண்டாம்.

வாளியில் மிஞ்சும் கறுப்பு நீரைக் கொட்டுவதற்கு முன், அரை மணி நேரம் அப்படியே வைத்து, இன்னொருமுறை கைவிளக்கை அடித்துப் பாருங்கள். என் வாளியில் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு குஞ்சுகள் அகப்படுகின்றன.